முடிச்சு போடாத கம்பளிச் சால்வை

எங்கள் பக்கத்தில் கம்பளிக்கு வேலை இல்லை. மார்கழிப் பனிக்கு ஆம்பளை தலையில் ஒரு துண்டைக் கட்டுவான். பொம்பளை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். அவ்வளவுதான் எங்களுக்குக் குளிர்.

அப்படிப்பட்ட ஊரில், சித்திரை வெயிலில், என் மடியில் ஒரு கம்பளிச் சால்வை கிடந்தது. இரண்டு மாசத்துக்கு மேல் கிடந்தது. அதில் இருக்கிற ஒவ்வொரு தையலும் நான் போட்டது. அதை நான் மெஷினில் கொடுத்துவிட்டேன் என்று ஒரு பேச்சு கிளம்பியது. இப்போதும் சிலர் சொல்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். நான் அஞ்சாவது வரைதான்.

உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம் எங்கள் ஊர். நடவு, களை, அறுப்பு, இதுதான் எனக்குத் தெரிந்த வேலை. வீட்டுக்காரர் கல்குவாரியில் லோடு ஏற்றுகிறவர். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம் ஏரி நிறையவில்லை. நடவு இல்லை. சும்மா உட்கார முடியாமல் உத்திரமேரூர் பாயம்மா வீட்டுக்குப் போய் ஆரி வேலை கற்றுக்கொண்டேன். பாயம்மா என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவள் வீட்டுக்காரர் வளையல் கடை வைத்திருந்தார். மெட்ராஸ் கம்பெனிகளிலிருந்து ஜாக்கெட் துணி வரும். அவள் எங்களுக்குப் பிரித்துக் கொடுப்பாள்.

ஆரி ஊசியின் நுனியில் தூண்டில் முள் மாதிரி ஒரு சின்னக் கொக்கி இருக்கும். நாலு கட்டை சேர்த்த சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, மேலே ஒரு கை ஊசியைக் குத்தும். கீழே ஒரு கை நூலைக் கொடுக்கும். கொக்கி நூலைப் பிடித்து மேலே கொண்டுவரும். ஒரு கண்ணுக்குள் அடுத்த கண். அதுக்குள் அடுத்தது. சங்கிலி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். ஆறு மாசத்தில் கை படிந்துவிட்டது. என் ஓரகத்தியும் என்னோடு வந்து கற்றுக்கொண்டாள். மூத்தவள். வாய் பெரிசு. கை சுத்தம்.

அந்தச் சித்திரையில், மெட்ராஸ் கம்பெனியிலிருந்து எங்களுக்கு வேலை கொண்டுவருகிற ஏஜெண்டு ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். பாயம்மா வீட்டுக் கூடத்தில் வைத்துப் பிரித்தார். உள்ளே கம்பளி. சாம்பல் நிறம். மெலிசு. ஆனால் கையில் எடுத்ததும் சூடு. ஆட்டு வாசனை அடித்தது.

"இன்னாண்ணா இது, கம்பளியா?" என்றாள் ஓரகத்தி. "யாருக்கு, எங்கூரு எருமைக்குப் போத்தவா?"

"வெளிநாட்டுக்கும்மா. ஸ்டோலுன்னு சொல்லுவாங்க. பொம்பளைங்க தோள்ல போட்டுக்குவாங்க."

"அந்த ஊர்ல வெயிலே இல்லியா?"

"இருந்தா கம்பளியை எதுக்கும்மா கேக்கறாங்க?"

பாயம்மா சிரித்துவிட்டாள். ஏஜெண்டு டிசைன் பேப்பரை விரித்தார். இரண்டு ஓரத்திலும் கொடி. கொடி நெடுக இலை. ஒவ்வொரு இலைக்கும் அஞ்சு விரல். எனக்குப் பார்த்ததும் ஆமணக்கு இலை என்று தோன்றியது. வடக்கே மலைப்பக்கத்து மரத்து இலை என்றார் அவர். அங்கே கம்பளிமேல் இந்த இலையைப் போடுகிறது தலைமுறைத் தொழிலாம். அவர்கள் கையிலும் இதே கொக்கி ஊசிதானாம். எனக்கு அது பிடித்திருந்தது. பார்க்காத ஊரில் யாரோ ஒருத்தன் என் மாதிரியே குனிந்து உட்கார்ந்திருக்கிறான்.

"மூணு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு. இது சாம்பிள். பாஸ் ஆச்சின்னா வருஷம் பூரா கம்பளி வரும். கம்பெனி மேடம் ரொம்ப கறாரு. கைவேலைதான் வேணும். மெஷின்னு தெரிஞ்சா அந்த ஆளுக்கு அப்புறம் ஒரு நூல்கண்டுகூட வராது" என்றார்.

சரி என்று எடுத்துக்கொண்டேன்.

கம்பளி வேறு சாதித் துணி. எங்களுக்குத் தெரியவில்லை. ஜாக்கெட் துணியில் டிசைன் எடுக்க, ஓட்டை போட்ட பேப்பரை வைத்து வெள்ளைப் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்ப்போம். பாயம்மா ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்தாள். மூணு நாள் ஆகியும் மண்ணெண்ணெய் வாசனை போகவில்லை. அப்புறம் உலர்ந்த சாக்பீஸ் பொடியைத் தட்டி, அது கொட்டுவதற்குள் வெள்ளை நூலால் ஓட்டுத் தையல் போட்டு இலையை வரைந்துகொண்டோம்.

என் கை இன்னொரு தொல்லை. சேற்றில் நின்று நட்ட கை. விரல் நெடுக வெடிப்பு. தொட்டால் கம்பளி மயிர் மாட்டிக்கொண்டு வந்தது. எண்ணெய் தடவினால் கறை. தினம் காலையில் ஒரு செங்கல் துண்டை எடுத்து விரலைத் தேய்த்தேன். மஞ்சள் பூசுவதையும் விட்டேன். மாமியார் பார்த்துவிட்டு, "புருசன் குத்துக்கல்லாட்டம் கீறான், நீ இன்னாடி மஞ்சள் இல்லாம நிக்கிற" என்றாள். "கம்பளி மஞ்சளாவும்" என்றேன்.

தப்பு செய்தது நான்தான். மறைக்கவில்லை. பட்டுத் துணியை எப்படிச் சட்டத்தில் கட்டுவோமோ அப்படிக் கட்டினேன். தட்டினால் பம்பை மாதிரிச் சத்தம் வரணும். அதுதான் நல்ல கட்டு என்று பாயம்மா சொல்லிக் கொடுத்தது. கம்பளி இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தது. வருகிறதே என்று இன்னும் இழுத்தேன்.

பதினெட்டு நாள் உட்கார்ந்து ஒரு ஓரத்துக் கொடியை முடித்தேன். சட்டத்திலிருந்து அவிழ்த்தேன். கம்பளி தன் அளவுக்குத் திரும்பிப் போனது. தையல் போகவில்லை. பொரித்த அப்பளம் மாதிரி ஓரம் முழுக்கச் சுருண்டு எழும்பி நின்றது. தண்ணீர் தெளித்து, பாய்க்கடியில் வைத்து, மேலே அம்மிக்கல்லைப் போட்டு, என்னென்னவோ செய்தேன். எழும்பியது படுக்கவில்லை.

பிரிப்பது என்று முடிவு செய்தேன். கடைசித் தையலின் பின்னால் இருந்த முடிச்சை வெட்டினேன். நூலைப் பிடித்து இழுத்தேன்.

சர்ரென்று வந்தது. ஒரு இலை போய், தண்டு போய், அடுத்த இலை போய், அதுக்கடுத்தது போய். நான் இழுக்கக்கூட வேண்டியதில்லை. நூலை விட்டால் தானாகவே அவிழும் போல் இருந்தது. என் பெரிய பெண் அப்போது ஆறாவது படித்தாள். அவள் நூலை விரலில் பந்தாகச் சுற்றிக்கொண்டே வந்தாள். "அய்யே, எவ்ளோ ஈஸியா வருதும்மா" என்றாள். பதினெட்டு நாள் வேலை. ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அழவில்லை. ஆனால் பயந்தேன். நான் போட்ட தையல் ஒரே ஒரு முடிச்சில் தொங்கிக்கொண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜாக்கெட்டுக்கு இது தெரியாது. உள்ளே லைனிங் வைத்துத் தைத்துவிடுவார்கள். பின்பக்கம் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் மூடிக்கொள்ளும். முடிச்சை எதுவும் உரசாது. சால்வை அப்படி இல்லை. தோளில் கிடக்கும். புரளும். முன்பக்கம் பின்பக்கம் என்று அதுக்கு இல்லை. துருத்திக்கொண்டிருக்கிற முடிச்சில் வளையல் மாட்டும். நகம் மாட்டும். முடிச்சு அறுந்தால் கொடி மொத்தமும் போகும். என் மகள் பந்து சுற்றிய மாதிரி எவளோ ஒருத்தி சுற்றுவாள்.

இரண்டாவது தடவை வேறு மாதிரிப் போட்டேன். சட்டத்தில் கட்டும்போது துணி படுத்திருந்தால் போதும், தட்டினால் சத்தம் வரக்கூடாது. தளர்ந்த துணியில் கொக்கி லேசில் இறங்காது. கீழே இருக்கிற விரலால் துணியை முட்டுக்கொடுத்துக் குத்தணும். நேரம் கூடுதலாகத்தான் ஆனது. ஒவ்வொரு இலைக்கும் தனி நூல் எடுத்தேன். இலை முடிந்ததும் நூலைக் கீழே இறக்கி, சாதா ஊசியில் கோர்த்து, அந்த இலையின் தையலுக்கடியிலேயே போக ஒரு தடவை வர ஒரு தடவை நுழைத்து, நறுக்கிவிடுவேன். முடிச்சு கிடையாது. தடவிப் பார்த்தால் பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே வழவழவென்று இருக்கும்.

ஓரகத்தி என் பக்கத்தில் சட்டத்தைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் நான் பிரித்ததைப் பார்த்து துணியின் இழுப்பை மட்டும் தளர்த்திக்கொண்டாள். நூலை அறுக்கவில்லை. ஒரே ஓட்டம். கடைசியில் முடிச்சு.

"நீ இலைக்கு இலை கல்யாணம் பண்ணிக்கினு இரு" என்றாள். "நான் எல்லாத்தையும் ஒரே பந்தல்ல முடிச்சிடறேன்."

"அவுந்துடும்க்கா."

"அவுந்தா வெள்ளைக்காரி வூட்ல தானே அவுறப் போவுது? நீ போய் தைச்சிக் குடுப்பியா?"

பாயம்மாவும் கேட்டாள். "யக்கா, பின்னாடி யாரு பாக்கப் போறா?"

"போத்திக்கிறவ பாப்பா" என்றேன்.

அதுக்கு நடுவில் ஓரகத்தியின் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. தன் சால்வையை முடித்துக் கொடுத்துவிட்டு மாகறலுக்குக் கிளம்பினாள். இருபது நாள் அங்கேயே இருந்தாள். நான் அப்போது பாதியில் இருந்தேன். காலையில் வெளிச்சம் வந்ததும் வாசல் பக்கம் சட்டத்தைப் போடுவேன். வெளிச்சம் போகிறவரை எழுந்திருக்க மாட்டேன். சோறு பெண் வடிப்பாள். வீட்டுக்காரர் ஒருநாள் வந்து நின்று பார்த்துவிட்டு, "கழுத்து ஒடிஞ்சிடப் போவுது" என்றார். அவர் அதிகம் பேசமாட்டார். நானும்தான். ஓரகத்தி திரும்பி வந்தபோது என் சால்வையும் ஏஜெண்டு கைக்குப் போயிருந்தது.

"அதுக்குள்ள முடிச்சிட்டியா?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஏஜெண்டு வந்தார். பெட்டி இல்லை. பாயம்மாவுடையதும் ஓரகத்தியுடையதும் பாஸ். என்னுடையது இல்லை.

"மெஷின்ல போட்டதுன்னு மேடம் சொல்லிட்டாங்க" என்றார். "பின்னாடி ஒரு முடிச்சுகூட இல்லியாம். கையில போட்டா முடிச்சு இல்லாம இருக்குமான்னு கேக்கறாங்க. இன்னாம்மா, செங்கல்பட்டுல எங்கனா மெஷின் கடையில குடுத்தியா? எங்கிட்ட சொல்லு. நான் வெளிய சொல்ல மாட்டேன்."

கூடத்தில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர் வெளியே சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

"நான் போட்டது" என்றேன்.

"சரி வுடு. திருப்பி வாங்கியாறேன். பின்னாடி அங்க ஒண்ணு இங்க ஒண்ணு முடிச்சி போட்டு வையி. பாத்துத் திருத்திட்டாங்கன்னு நான் பேசிக்கிறேன்."

"தைச்சது நானு. திருத்தறதுக்கு அதுல இன்னா கீது?"

"அய்ய, ஒரே பேஜாரா போச்சிம்மா உன்னோட" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் குழாயடிக்குக் குடத்தோடு போனேன். "மெஷின்காரி வர்றா, வழி வுடுங்கடி" என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள். ஓரகத்தியும் அங்கே இருந்தாள். அவள் சிரிக்கவில்லை. வாயைத் திறக்கவும் இல்லை. ஊரையே வாயால் வளைத்துப் போடுகிறவள், என் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவள், குடம் நிரம்புவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்பு எனக்கு உறைக்கவில்லை. இது உறைத்தது.

வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டார்.

"குடுத்தியா?"

"குடுக்கல."

"அப்ப போயி சொல்லு."

அவ்வளவுதான். மறுநாள் மெட்ராசுக்குக் கிளம்பினேன். ஊசியையும் சால்வைக்குப் போட்ட அரக்கு நூலின் மிச்சத்தையும் ஒயர் கூடையில் போட்டுக்கொண்டேன். ஓரகத்தி வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"யக்கா, நீயும் வா."

"நான் எதுக்குடி?"

"பாக்கறதுக்கு."

புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

செங்கல்பட்டு போய், அங்கே ரயில் பிடித்து, தாம்பரத்தில் இறங்கி, இன்னொரு பஸ். கம்பெனி பெரிய கொட்டகை. தகரக் கூரை. உள்ளே ஒரு பக்கம் வரிசையாகத் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. கேட்டுக்கு எதிரில் நின்றோம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு ஏஜெண்டு வெளியே வந்தவர் எங்களைப் பார்த்து ஆடிப்போனார். வேறு வழி இல்லாமல் உள்ளே கூட்டிப் போனார்.

மேடம் நூல் புடவை கட்டியிருந்தாங்க. அம்பது வயது இருக்கும். மேஜைமேல் என் சால்வை கிடந்தது. ஒரு ஓரத்தில் சிவப்புச் சீட்டு குத்தியிருந்தது. சிவப்பு என்றால் ரிஜெக்ட்டாம்.

"நீங்கதானா? உட்காருங்க" என்றாங்க. நான் உட்காரவில்லை.

"இதைப் பாருங்கம்மா. முன்னாடி பார்த்தா ரொம்ப அழகு. திருப்பினா ஒரு நூல் முனைகூட இல்லை. இருபது வருஷமா பார்க்கறேன். கையால போட்டா பின்னாடி காட்டிக் கொடுத்துடும். இவ்வளவு சுத்தமா மெஷின்தான் போடும். ஒத்துக்கிட்டா நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை."

"மெஷின்ல போட்ட துணி ஒண்ணு குடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"குடுங்க, சொல்றேன்."

ஒரு மாதிரியாகப் பார்த்தாங்க. ஆனாலும் அந்தப் பக்கம் கை காட்டினாங்க. மெஷின் ஓட்டுகிற ஆள் ஒருத்தர் ஒரு துண்டுத் துணி கொண்டுவந்தார். அதிலும் கொடி, இலை. சங்கிலித் தையல்தான். பார்வைக்கு என்னுடையது மாதிரியே இருந்தது. பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது.

கடைசி முனையைக் கத்தரியால் நறுக்கி மேடம் கையில் நூலைக் கொடுத்தேன்.

"இழுங்க."

இழுத்தாங்க. சர்ரென்று வந்தது. இலை, தண்டு, இலை. மூணு இலை போனதும் நிறுத்திட்டாங்க.

"இப்ப என்னுதை இழுங்க."

முனையைத் தேடினாங்க. கிடைக்கவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தாங்க. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாங்க. கிடைக்கவில்லை.

நான் கத்தரியை எடுத்தேன். ஏஜெண்டு, "ஏம்மா ஏம்மா" என்று கையை நீட்டினார். அதுக்குள் வெட்டிவிட்டேன். கொடியின் நடுவில் நல்ல இலை ஒன்று. சரியாக நடுவில் வெட்டினேன்.

"இப்ப இழுங்க."

நூலைப் பிடித்து இழுத்தாங்க. வெட்டின இலை ஆரம்பித்த இடம்வரை வந்தது. அங்கே நின்றது. இன்னும் இழுத்தாங்க. கம்பளிதான் கூட எழும்பியது. நூல் வரவில்லை. பக்கத்து இலை அசையவில்லை.

"போவாது" என்றேன். "அந்த இலை அதோட சரி. அடுத்தது போவணும்னா அதையும் வெட்டணும். ஒவ்வொண்ணா வெட்டிக்கினு வரணும்."

மெஷின் ஓட்டுகிற ஆள் குனிந்து சால்வையைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு மூணு இலையை விரலால் தடவினார்.

"மேடம், இது மெஷின் இல்ல. மெஷினு இலைக்கு இலை நிக்காது. போட்டா ஓடிக்கினே இருக்கும். இது யாரோ ஒவ்வொண்ணா உள்ள சொருகிக் கீறாங்க." அப்புறம் என்னைப் பார்த்து, "எவ்ளோ நாள் ஆச்சி?" என்றார்.

"ரெண்டு மாசம். அதுல ஒருவாட்டி பூராவும் பிரிச்சேன்."

"பைத்தியம்மா நீ" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினாங்க. "கைதான். தப்பு என்மேலதான். மன்னிச்சுக்கங்க" என்றாங்க. பெரிய மனுஷி. அதைச் சொல்லணும்.

அத்தோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை.

"வெட்டின இலையைத் திரும்பப் போட முடியுமா? இங்கயே?" என்றாங்க.

"முடியும்."

"போடுங்க. அந்த ஒரு இலையில மட்டும் ஒரு முடிச்சு வெளிய தெரியற மாதிரி விட்டுடுங்க. வாங்கறவங்க திருப்பிப் பார்த்துட்டு அதைத்தான் தேடறாங்க. நீங்க இங்க வந்து இழுத்துக் காட்டின மாதிரி அங்க வந்து காட்ட முடியாதே. ஒரே ஒரு முடிச்சு. பச்சைச் சீட்டு குத்திடறேன். வருஷம் பூரா வேலை."

ஓரகத்தி என் இடுப்பில் இடித்தாள். "போடேண்டி. ஒண்ணுதானே."

நான் தரையில் உட்கார்ந்தேன். ஒரு வளையச் சட்டம் கொடுத்தார்கள். கம்பளியை அதில் மாட்டினேன், சத்தம் வராத அளவுக்கு. ஊசியை எடுத்தேன். மெஷின் ஓட்டுகிறவர்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். அஞ்சு விரல் இலை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. யாரும் போகவில்லை. மேடமும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாங்க.

இலை முடிந்தது. நூலைக் கீழே இறக்கினேன். இந்த இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால் முடிச்சு. இரண்டு நொடி வேலை. ஓரகத்தி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாதா ஊசியில் நூலைக் கோர்த்தேன். போக ஒரு தடவை. வர ஒரு தடவை. நறுக்கினேன்.

மேடம் வாங்கித் திருப்பிப் பார்த்தாங்க. "முடிச்சு எங்கம்மா?"

"இல்ல."

"ஏன்? ஒண்ணுதானே கேட்டேன்."

"முடிச்சு மாட்டும். மாட்டினா அறும். தெரிஞ்சிக்கினே போட மாட்டேன்."

"அப்ப இதை நான் அனுப்ப முடியாது."

"அனுப்பாதீங்க."

"அடுத்த கம்பளியும் உங்களுக்கு வராது. கோபத்துல சொல்லலை. எனக்கு வேற வழி இல்லை."

"தெரியும்மா. ஆனா மெஷின் இல்லன்னு எழுதிக் குடுங்க."

மேடம் அந்தச் சிவப்புச் சீட்டைப் பிடுங்கி, திருப்பி, பேனாவால் எழுதினாங்க. கைவேலை. கீழே கையெழுத்து. சீட்டைத் திரும்பச் சால்வையில் குத்தினாங்க. மடித்து என் கையில் கொடுத்தாங்க. "நீங்களே வெச்சுக்கங்க. இதை நான் வேற யாருக்கும் கொடுக்க மாட்டேன்" என்றாங்க.

வெளியே வந்து சால்வையைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டேன். ஆனி மாச வெயில். தார் ரோடு கொதித்தது. ஓரகத்தி வாயைத் திறக்கவில்லை. தாம்பரத்தில் இல்லை, செங்கல்பட்டில் இல்லை. கோபம். உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறினதும் கண்டக்டர் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, குளிர் ஜொரமா?" என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"ஜொரம் இல்ல. நான் போட்டது" என்றேன். "ரெண்டு டிக்கெட்டு குடு."

வேர்வை முதுகில் ஓடியது. எடுக்கவில்லை.

பாதி வழியில் என் தோளில் ஏதோ ஊர்ந்தது. பூச்சியோ என்று கடைக்கண்ணால் பார்த்தேன். ஓரகத்தியின் கை. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து, ஒரு இலையின் ஓரத்தை நகத்தால் கிளறிக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டு அடுத்த இலை. அதுக்கடுத்தது. நான் அசையவில்லை. நல்லா கிளறட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

ஏரிக்கரை வந்தபோது கேட்டேன். "வந்துதாக்கா?"

கையை எடுத்துக்கொண்டாள். "வரல" என்றாள்.

மறுநாள் குழாயடியில் அதே பேச்சு. "மெஷின்காரி மெட்ராசுக்குப் போயி வந்தாளாமே." நான் சீட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. எடுத்துப் போயிருந்தாலும் அங்கே யாருக்குப் படிக்கத் தெரியும். குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஓரகத்தியின் குரல் வந்தது.

"எவடி அவ மெஷின்காரின்னது? நான் போயி கண்ணால பாத்தேன். பஸ்ஸு நெடுக கிளறிப் பாத்தேன். என் நகந்தான் பிஞ்சிது. அது கெடக்குது அவ வூட்ல. யாருக்கு நகம் நீளமா கீதோ போயி இழுத்துப் பாருங்கடி."

யாரும் வரவில்லை. அதுதான் பிரச்சினை. வந்து இழுத்திருந்தால் பேச்சு அன்றைக்கே செத்திருக்கும். வராதவர்கள்தான் இன்னும் பேசுகிறார்கள்.

கம்பளி எனக்கு அப்புறம் வரவில்லை. ஜாக்கெட் துணி வந்தது. போட்டேன். இரண்டு வருஷம் ஓரகத்திக்கும் பாயம்மாவுக்கும் கம்பளி வந்தது. நூலை உள்ளே சொருகுவது எப்படி என்று ஓரகத்தி ஒருநாள் கேட்டாள். போட்டுக் காட்டினேன். கற்றுக்கொண்டாள். ஆனால் கம்பெனிக்குப் போனதில் எல்லாம் முடிச்சுதான் போட்டாள். அதை நான் தப்பு சொல்லமாட்டேன். அவள் வீட்டு அடுப்பு அவளுக்குத் தெரியும்.

சீட்டைக் கரையான் தின்றுவிட்டது. மேடம் கையெழுத்து பாதி இருக்கிறது. சால்வை முழுசாக இருக்கிறது. வருஷத்துக்கு ஒருதரம் தை வெயிலில் கயிற்றில் போட்டுக் காயவைப்பேன். தெருவோடு போகிறவர்கள் பார்க்கிற இடமாகப் பார்த்துத்தான் போடுவேன். பின்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி.

இழுக்கிறவர்கள் வந்து இழுக்கலாம்.